நான்கு விரற்கடை வெளியே நின்ற சில்லுகள்

எங்கள் கெப்பின் நான்கு சக்கரச் சில்லுகளையும் என் தம்பி ஒரு பாடசாலை விடுமுறையில் மாற்றினான். அது என்னுடைய கெப், முன்னும் பின்னும் இருக்கை உள்ள பிக்-அப். என் கணவர் மௌத்தான பிறகு என் பெயருக்கு வந்தது. நல்ல நிழல் இருக்கிறது என்பதற்காகத் தம்பியின் வளவில் நிற்கிறது. சனி ஞாயிறுகளில் அவன் அதில் வெளிநாட்டுக்காரரை ஏற்றிக்கொண்டு மணல்மேடுகளுக்கும் கடற்கரைக்கும் போய்வருவான். அதற்கு நான் ஒருநாளும் தடை சொன்னதில்லை. சில்லை மாற்றட்டுமா என்று கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பதில் சொல்லியிருப்பேன். அவன் கேட்கவில்லை. கோபம் தணிந்த பிறகு இதை எழுதலாம் என்று பொறுத்திருந்து பார்த்தேன். அது தணிகிற கோபமாகத் தெரியவில்லை.

எங்கள் ஊர் கற்பிட்டிக் கரையில், உப்புநீர்க் களப்புக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணலில் இருக்கிறது. தார் வீதிக்குப் போக ஒரே ஒரு மணற்பாதை. பஸ் உள்ளே வராது. உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிப்பிக்கும் பாடசாலையோ தார் வீதியில் ஏறிய பிறகும் வெகுதூரம். சாதாரண தரப் பரீட்சையோடு பெண் பிள்ளைகள் வீட்டில் நின்றுவிடுவது எங்கள் ஊரில் யாரும் எடுத்த தீர்மானம் அன்று. பாதை எடுத்த தீர்மானம். நான் தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்றவள். என்னிடம் நேரமும் கெப்பும் இருந்தன. ஐந்து பிள்ளைகளின் வாப்பாமாரிடம் வீடு வீடாகப் போய்க் கதைத்தேன். ஐந்து பேரும் ஒரே நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்கள்: ஸ்டியரிங்கில் நான் இருக்க வேண்டும். என் தம்பி ஓட்டினாலும் அனுப்ப மாட்டார்கள். அந்த நிபந்தனையின் நியாயத்தைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அதை அன்று விழுங்கிக்கொண்டேன், பிள்ளைகள் படிப்பதே பெரிது என்பதற்காக.

ஒன்றரை வருடம் அந்த ஏற்பாடு பிசகவில்லை. நால்வர் பின்னால். வாகனத்தில் வாந்தி வரும் ஒருத்தி மட்டும் என் பக்கத்து இருக்கையில், கண்ணாடியை இறக்கிவிட்டு, முகத்தைக் காற்றுக்குக் கொடுத்தபடி. அவள் பௌதிகவியல் படித்தாள். காலையில் மற்றவர்கள் தலையைச் சாய்த்துத் தூங்கும்போது, நான் கியர் மாற்றுவதையும் மணலுக்காக டயரில் காற்றைக் குறைப்பதையும் பார்த்து ஏதாவது கேட்டுக்கொண்டே வருவாள். காற்றைக் குறைத்தால் டயர் தட்டையாகி அதிக மணலில் பரந்து நிற்கும் என்று நான் சொன்னால், "அப்ப அமுக்கம் குறையுது டீச்சர்" என்று எனக்கே திருப்பிச் சொல்வாள். எனக்கு அது பிடிக்கும்.

அந்த மணற்பாதையைப் பற்றிச் சொல்லாமல் நடந்ததைச் சொல்ல முடியாது. தென்னந்தோட்டங்களில் தேங்காய் உரித்து எறியும் பொச்சுமட்டைகளைக் கொண்டுவந்து, குழிந்த பக்கம் கீழே இருக்க, இரண்டு வரிசையாக மணலில் பதித்து, மேலே தண்ணீர் தெளித்து மிதித்து இறுக்குவோம். இடது சில்லுக்கு ஒரு வரிசை, வலது சில்லுக்கு ஒரு வரிசை. நடுவில் வெறும் மணல், வெளியிலும் வெறும் மணல். ஒவ்வொரு வீட்டுக்கும் பாதையில் ஒரு துண்டு உண்டு. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்புமுன் அவரவர் துண்டை அவரவர் புதுப்பிக்க வேண்டும். பெண்கள் சாக்கில் மட்டை சுமப்பார்கள், ஆண்கள் பதிப்பார்கள். இரண்டு வரிசைக்கும் இடையிலான அகலம் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பள்ளிவாசலின் பின்சுவரில் ஒரு பூவரசங்கம்பு சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். அந்தக் கம்பின் நீளம்தான் எங்கள் பாதை. ஐஸ் கொண்டுவரும் சின்ன லொறி, நண்டு ஏற்றும் வான், மௌத்தானவர்களை மையவாடிக்குக் கொண்டுபோகிற வாகனம், எல்லாம் அந்த அளவில் போய்வந்தன. என் கெப்பும்தான்.

விடுமுறை முடிந்த முதல் நாள் காலையில் கெப்பைப் பார்த்தபோது அது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. டயர்கள் அதே டயர்கள். ரிம் மட்டும் வேறு. பழைய ரிம்மில் டயர் மட்கார்ட்டின் கீழே அடக்கமாக இருக்கும்; இப்போது நான்கும் மட்கார்ட்டைத் தாண்டி வெளியே நின்றன. தம்பி கையைக் கட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். சின்ன வயதில் புதுச் சேட்டுப் போட்டால் அப்படித்தான் பார்ப்பான். உம்மா இல்லாத வீட்டில் அவனுடைய சேட்டுகளுக்குப் பொத்தான் தைத்தவள் நான். அந்தப் பார்வைக்கு என்ன வேண்டும் என்பது எனக்குத் தெரியும். வடிவாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

பாதையில் இறங்கியதும் ஸ்டியரிங் என் கைக்குள் வேறொருவருடைய பொருளாகியது. ஒரு பொச்சுமட்டையின் விளிம்பில் ஏறினாலும் அது வெட்டித் திரும்பியது. நான் இடப்பக்கம் இழுத்தால் அது இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் போக ஆசைப்பட்டது. முழுவதும் ஒடித்துத் திருப்பினால் டயர் மட்கார்ட்டில் உராய்ந்து கத்தியது. தார் வீதியில் ஏறும்போது என் மணிக்கட்டுகள் இரண்டும் நொந்துபோயிருந்தன. பாடசாலை வாசலில் பக்கத்து இருக்கைப் பிள்ளை இறங்காமல் கொஞ்சம் நின்றாள். டீச்சருக்கு இன்றைக்குச் சுகமில்லையா என்று கேட்டாள். சுகம்தான், சில்லுத்தான் புதிது என்றேன்.

அன்று மாலை தம்பியிடம் சொன்னேன். அவன் சிரித்தான். அகலமாக நின்றால் மணலில் நல்லா மிதக்கும் என்றான். மிதப்பது டயரின் அகலத்தால். டயர் அதேதானே, நிற்கிற இடம்தானே மாறியிருக்கிறது என்றேன். மணல்மேட்டில் சரிவாகப் போகும்போது கெப் கவிழாது என்றான். அது உண்மை. கால்களை அகட்டி நிற்பவனைத் தள்ளி விழுத்துவது கடினம். அதை நான் அப்போதும் மறுக்கவில்லை, இப்போதும் மறுக்கமாட்டேன். ஆனால் நான் பிள்ளைகளை மணல்மேட்டுச் சரிவில் கொண்டுபோவதில்லை. பொச்சு வரிசையில் கொண்டுபோகிறேன்.

பிறகு வீட்டுக் கதவைக் காட்டி அவனுக்கு விளங்கவைக்கப் பார்த்தேன். முன்சில்லு திரும்புவதும் கதவு திரும்புவதும் ஒன்றுதான். இரண்டுக்கும் ஒரு பிணைச்சல் உண்டு. பிணைச்சலுக்குக் கிட்டக் கையை வைத்துத் தள்ளினால் கதவு லேசில் அசையாது. கதவின் நுனியில் ஒரு விரல் போதும். பழைய ரிம்மில் டயர் மணலைத் தொடும் இடம் பிணைச்சலுக்குக் கிட்ட இருந்தது. இப்போது அதை நுனிக்குத் தள்ளிவிட்டாய். இனி மணலின் ஒரு விரலுக்கும் சில்லு திரும்பும், அந்தத் திருப்பம் ஸ்டியரிங் வழியே என் கைக்கு வரும் என்றேன்.

"கதவும் கெப்பும் ஒண்டா ராத்தா?" என்று கேட்டுவிட்டு, தன் பெண்சாதியைக் கூப்பிட்டு, ராத்தா கதவைப் பூட்டித் திறந்து வாகனம் ஓட்டுவதைப் பார்க்கச் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. அதை அவளுடைய கணக்கில் நல்லதாக நினைவில் வைத்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் அதே விஷயத்தைப் பக்கத்து இருக்கைப் பிள்ளையிடம் சொல்லத் தொடங்கினேன். பிணைச்சல் என்ற சொல்லைத் தாண்டுவதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "இது விசையின் திருப்பம் தானே டீச்சர். தூரம் கூடினா திருப்பம் கூடும்." கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி டயரைப் பார்த்தாள். பிறகு, பின்னால் திரும்பிப் பாதையைப் பார்த்துச் சொன்னாள்: "நம்மட தடம் பொச்சில இல்ல. வெளிய இரிக்கி."

கெப்பை நிறுத்தி இறங்கினேன். முந்தின நாள் பெய்த தூறலில் மணல் ஈரமாக இருந்தது. தடம் அச்சுப்போல விழுந்திருந்தது. இடப்பக்கம் பொச்சு வரிசைக்கு நான்கு விரற்கடை வெளியே. வலப்பக்கமும் அதே நான்கு விரற்கடை. கம்பு அளந்து போட்ட பாதையில் என் கெப்புக்கு இனி இடமில்லை. நேராகப் போனால் இரண்டு பக்கமும் மட்டையின் ஓரத்தில் வழுக்கும். கொஞ்சம் விலகினால் ஒரு சில்லு பொச்சில், மறு சில்லு மணலில். பொச்சு விடும், மணல் பிடிக்கும். பிடித்த பக்கத்துக்கு ஸ்டியரிங் பறந்துபோகும்.

அதைக் கண்ட பிறகும் நான் ஏன் ஓட்டினேன் என்று கேட்கலாம். பழைய ரிம்களைத் தம்பி வண்ணாத்திவில்லுவில் உள்ள ஒரு கூட்டாளிக்குக் கைமாற்றிக் கொடுத்திருந்தான். திருப்பி வாங்கித் தா என்று கேட்டேன். பார்ப்போம் என்றான். பிறகும் கேட்டேன். வெளிநாட்டுக்காரர் வரும் சீசன் முடியட்டும் என்றான். பிள்ளைகளுக்கு அந்தத் தவணையில் பரீட்சை. நான் மெதுவாக, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓட்டினேன்.

ஒரு காலையில், வெங்காயத் தோட்டத்தருகே, ஓர் ஆட்டுக்காக பிரேக் பிடித்தேன். இடது சில்லு மணலில் இருந்திருக்க வேண்டும். ஸ்டியரிங் என் விரல்களைத் தட்டிவிட்டுச் சுழன்றது. கெப் வேலியை உடைத்துக்கொண்டு தண்ணீர் வாய்க்காலில் மூக்கைக் குத்தி நின்றது. பின்னால் இருந்த ஒரு பிள்ளையின் உதடு கிழிந்தது. மற்றவர்கள் பயந்தார்கள், அவ்வளவுதான். என் வலக்கைப் பெருவிரல் வீங்கிக் கறுத்தது.

அல்லாஹ் காப்பாற்றினான் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். பிறகு அவர்கள் மற்றதைச் சொல்லத் தொடங்கினார்கள். டீச்சருக்கு வயதாகிவிட்டது. டீச்சருக்குக் கண் தெரிவதில்லை. பெண் கைக்கு டபுள் கெப் ஏலாது. என் கணவர் உப்பளத்தின் காய்ந்த தரையில் ஒரு கோடை முழுவதும் பக்கத்தில் இருந்து பழக்கிய கை இது. அவர் ஒருநாளும் கத்தியதில்லை. தவறாகத் திருப்பினால், "இப்ப சில்லு எங்க பாக்குது எண்டு சொல்லுங்க" என்று மட்டும் கேட்பார். அந்தக் கேள்வியால் எனக்கு வாகனத்தின் உடம்பு முழுவதும் தெரிந்தது. எங்கள் ஊரில் மட்டையில் வழுக்கி வேலிக்குள் போகாத ஆண் டிரைவர் ஒருவரும் கிடையாது. அவர்களில் யாருடைய கையைப் பற்றியும் ஒரு கதையும் எழவில்லை.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு வாப்பாமார் பள்ளிவாசல் முற்றத்தில் கூடினார்கள். நான் அங்கே இருக்கவில்லை, என்னைக் கூப்பிடவுமில்லை. தம்பியின் பெண்சாதி வந்து சொன்னாள். முதலில் வாய்க்காலிலிருந்து இழுத்தெடுத்த கெப்பை என் தம்பியை விட்டு அதே பாதையில் ஓட்டிக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். அவன் வேகமாக ஓட்டிக் காட்டினான். தோணி இழுத்து வளர்ந்த தோள் அவனுக்கு. துள்ளுகிற ஸ்டியரிங்கை மடக்கிப் பிடித்துக்கொண்டு போய்வந்திருப்பான். அதை நன்றாக ஓட்டுவது என்று எடுத்துக்கொண்டார்கள். கெப்பில் குற்றமில்லை என்று முடிவாயிற்று. ஆகவே குற்றம் என்னிடம். பிள்ளைகள் கொஞ்ச நாள் வீட்டில் நிற்கட்டும் என்றார்கள். பெண் டிரைவர் வேறொருத்தி எங்கே கிடைப்பாள் என்று ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அந்தக் கூட்டத்தில் இன்னொன்றும் முடிவானது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பும் வருகிறது, பற்களைக் கடிக்கவும் தோன்றுகிறது. கெப் கொஞ்சம் வெளியே போகிறது என்பதைத் தம்பி ஒத்துக்கொண்டானாம். கச்சானும் வரப்போகிறது, எப்படியும் பாதை புதுப்பிக்கத்தானே வேண்டும், இந்தத் தடவை பொச்சு வரிசையைக் கொஞ்சம் அகட்டிப் போட்டால் சரி என்று யாரோ சொல்ல, எல்லோரும் அது நல்ல யோசனை என்றார்கள். அகன்று நின்ற என் கெப்பை அளந்து புதிய பூவரசங்கம்பு ஒன்று வெட்டப்பட்டது. பழைய கம்பை யாரோ அடுப்புக்குக் கொண்டுபோனார்கள்.

இரண்டு வெள்ளிக்கிழமைகளாக அந்த வேலை நடந்தது. ஆண்கள் பழைய மட்டைகளைக் கிளறி, அகலமான கம்பு வைத்துப் பதித்தார்கள். பெண்கள் சாக்குச் சாக்காகப் புதுமட்டை சுமந்தார்கள். படிப்பு நிறுத்தப்பட்ட ஐந்து பிள்ளைகளும் உம்மாமாரோடு சேர்ந்து சுமந்தார்கள். என் பக்கத்து இருக்கைப் பிள்ளை தலையில் சாக்கோடு என் வேலியைக் கடந்து போனாள். என்னைக் கண்டு நின்று, சலாம் சொன்னாள். "டீச்சர், இது பிழையான அளவு எண்டு வாப்பாட்ட சொன்னேன்," என்றாள். வாப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன். "மட்டைய கொண்டா எண்டார்." சாக்கைச் சரிப்படுத்திக்கொண்டு போய்விட்டாள். தன்னை வீட்டில் இருத்திய சில்லுகளுக்குத் தானே பாதை சுமந்துகொண்டு போனாள். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கோபம் எனக்கு வந்ததில்லை.

புதிய பாதையில் ஐஸ் லொறி வந்தது. அதன் சில்லுகள் இரண்டு வரிசைக்கும் உள்ளே, இளக்கிவிட்ட மணலில் இறங்கி அச்சுவரை புதைந்தன. பகல் முழுவதும் தள்ளினார்கள். ஐஸ் கரைந்து மணலுக்குள் போயிற்று. கரையில் அன்றைய நண்டும் மீனும் வெயிலில் கிடந்தன. லொறிக்காரன் ஓட்டத் தெரியாதவன் என்று ஏசினார்கள். அவன் இருபது வருடமாக அந்தப் பாதையில் வருகிறவன்.

நான் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு அங்கே நடந்தேன். ஆண்கள் கூடி நின்ற இடம் அது, வழிவிட்டார்கள். நான் அவர்களில் பாதிப் பேருக்கு எழுத்துப் படிப்பித்தவள். சத்தம் போடவில்லை. தம்பியைப் பார்த்துத்தான் சொன்னேன், ஆனால் எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

"பாதைய மாத்தினீங்க. கம்ப மாத்தினீங்க. டிரைவர நிப்பாட்டினீங்க, புள்ளைகள வீட்டுல வச்சீங்க. அந்த நாலு சில்ல மட்டும் ஒருத்தரும் தொடயில்ல."

 லொறிக்காரன் மட்டும், லொறியின் கீழே படுத்தபடி, "டீச்சர் சொல்றது சரி. அந்தக் கெப்புத்தான் ஊருக்குப் பெரிய ஆள்," என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். தம்பி மணலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு அவமானமாக இருந்தது எனக்குத் தெரிந்தது. அந்த நேரத்திலும் எனக்கு அவன்மேல் இரக்கம் வந்தது, அதற்காக என்மேலும் கோபம் வந்தது.

அந்தக் கிழமைக்குள் அவன் வண்ணாத்திவில்லுவுக்குப் போய்ப் பழைய ரிம்களோடு வந்தான். என்னோடு கதைக்காமலே மாட்டினான். முன்சில்லின் பெயரிங் ஒன்றும் ஆட்டம் கண்டிருந்தது. வெளியே தள்ளிய பாரத்தை அதுவும் இவ்வளவு நாளாகச் சுமந்திருக்கிறது. அதையும் அவனே மாற்றினான். ஊர், பொச்சு வரிசைகளை மறுபடி கிளறிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தது. பழைய கம்பு எரிந்துபோனதால், என் கெப்பின் சில்லிலிருந்து சில்லுக்கு அளந்து புதிதாக ஒன்று வெட்டினார்கள். வாப்பாமார் நால்வர் ஒருவர்பின் ஒருவராக வந்து, நாளையிலிருந்து பிள்ளையை அனுப்பட்டுமா என்று கேட்டார்கள். மன்னிப்பு என்ற சொல் எந்த வாயிலும் வரவில்லை. நான் எதிர்பார்க்கவுமில்லை.

ஐந்தாமவர், என் பக்கத்து இருக்கைப் பிள்ளையின் வாப்பா, வரவில்லை. நான் போனேன்.

அவர் நல்ல மனிதர். ஐந்து பேரில் முதலில் ஒத்துக்கொண்டவர் அவர்தான். கதிரையைத் துடைத்துப் போட்டார். பெண்சாதியைத் தேத்தண்ணி ஊற்றச் சொன்னார். பிறகு தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"புள்ள சும்மா வீட்டுல இருந்திச்சு டீச்சர். புத்தளத்துல இருந்து ஒரு மாப்புள பேசி வந்தாங்க. நல்ல இடம். படிச்சுக்கொண்டு இருந்திருந்தா நானும் இல்லெண்டு சொல்லியிருப்பன். சும்மா இருக்கிற புள்ளைக்கு என்ன சொல்லி மறுக்கிற?"

பேசி முடித்தாகிவிட்டது, பெருநாளுக்குப் பிறகு நிக்காஹ் என்றார். பரீட்சை வரையாவது படிக்கட்டுமே என்றேன். மாப்பிள்ளை வீட்டில் விரும்பமாட்டார்கள் என்றார். கேட்டுப் பார்த்தீர்களா என்றேன். இல்லை என்றார். கேளுங்கள் என்றேன். தேத்தண்ணி ஆறியது. திரைக்குப் பின்னால் அவள் நிற்பது கால் நிழலில் தெரிந்தது. வெளியே வரவில்லை.

ஊரில் கெப் சரியாகிவிட்டது என்கிறார்கள். ஓம், சரியாகத்தான் இருக்கிறது. பொச்சு வரிசையில் நூல் பிடித்ததுபோலப் போகிறது. இரண்டு விரலால் பிடித்தால் போதும். தம்பி இப்போது முன்னைவிட அன்பாக இருக்கிறான், மீன் கொடுத்தனுப்புகிறான், நான் வாங்கிச் சமைக்கிறேன். ஆனால் ரிம்தானே ராத்தா, மாற்றிவிட்டோமே என்று அவன் சொன்ன நாளில் நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். சில்லைக் கழற்றி மாட்ட ஒரு பின்னேரம் போதும். ஒரு பிள்ளையின் ஒன்றரை வருடப் பௌதிகவியலை எந்தக் கராஜில் கழற்றி மாட்டுவது?

பெருநாளுக்கு இன்னும் நாள் இருக்கிறது. காலையில் நால்வரையும் ஏற்றிக்கொண்டு அவளுடைய வேலியருகே கெப்பை நிறுத்துகிறேன். முதல் நாள் ஹோர்ன் அடித்தபோது அவளுடைய வாப்பா சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்து, "இனி அடிக்க வேணாம் டீச்சர்," என்று தாழ்ந்த குரலில் சொன்னார். மாப்பிள்ளை வீட்டில் கேட்டீர்களா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றார்.

அடுத்த நாளும் அடித்தேன். பின்னால் இருக்கும் பிள்ளைகளும் அந்த வேலியைப் பார்க்கிறார்கள். நேற்று அவர் வெளியே வந்து, ஜன்னலருகே நின்று, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, வெள்ளிக்கிழமை புத்தளம் போகிறேன், கேட்டுப் பார்க்கிறேன் என்றார். என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியாது. வெள்ளிக்குப் பிறகும் நான் இங்கே கெப்பை நிறுத்துவேன், ஹோர்ன் அடிப்பேன் என்று அவரிடம் சொன்னேன்.